‘உதிலை’க்கு ஒரு பஸ்

எதிர்காலத் தலைவர் ஒருவரை உருவாக்கித் தரும்படி எனக்குக் கடிதம் வந்தபோது எனக்கு வயது இருபத்தொன்பது. அப்போது என்னையே யாரும் உருவாக்கி முடித்திருக்கவில்லை. ஆனாலும் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மேசைக் கண்ணாடியின் கீழே எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ் டிப்போவில் போக்குவரத்துப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். தலைமையகம் புதிதாக ஒரு வழிகாட்டல் திட்டம் தொடங்கியிருந்தது. டிப்போவில் வேலை செய்பவர்களில் திறமையான ஒருவரை ஓர் அதிகாரியுடன் ஆறு மாதம் இணைத்துவிடுவார்கள். முடிவில் அந்த அதிகாரி ஓர் அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் அந்த ஊழியருக்கு நேர அட்டவணை அதிகாரி பதவி கிடைக்கும்.

என்னுடன் இணைக்கப்பட்டவர் என்னைவிட ஒன்பது வயது மூத்த பெண். குருநகர்க்காரி. பயணச்சீட்டுக் கணக்குப் பார்க்கும் ரிக்கற் பகுதியில் பதினாறு வருடமாக எழுதுவினைஞர். எந்த ரூட்டில் எந்த நாளில் சனம் கூடும் என்பதை யன்னலால் பார்க்காமலே சொல்லக்கூடியவர். கணவர் கடற்றொழில் செய்தவர். யுத்தத்தால் கடலுக்குப் போக முடியாத காலம் வந்தபின் இவருடைய சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இந்தப் பதவி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று இப்போது சொல்லித் தப்ப முடியாது.

மூன்றாம் மாதம் ஒரு கணக்கெடுப்பு வந்தது. மருதனார்மடத்தில் இருந்து பட்டணத்துக்கு வரும் ஏழு மணி பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு அடுத்த பஸ் காற்று வாங்கிக்கொண்டு வரும். ஏன் என்று கண்டுபிடிக்கப் பயணிகளிடம் கேட்பதற்கு நான் ஒரு படிவம் தயாரித்தேன். பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் அதில் இருந்தது. முதலாவது கேள்வி: ‘எங்கே போகிறீர்கள்?’

அவரையும் இரண்டு நடத்துநர்களையும் காலையில் மருதனார்மடம் சந்தைச் சந்திப் பஸ் தரிப்புக்கு அனுப்பிவிட்டு, நானும் பின்னால் போனேன். பட்டுச் சால்வையோடு நின்ற ஒருவரிடம் அவர் முதலாவது கேள்வியைக் கேட்டார். மனிதர் ஏதோ சம்பந்தம் பேசப் புறப்பட்டவர் போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது.

“வெளிக்கிட்டு நிக்கேக்கை எங்கை போறாய் எண்டு கேக்கிறதே? உங்களுக்கென்ன விசரோ?”

வந்த பஸ்ஸில் அந்த மனிதர் ஏறவில்லை. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, சற்று நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்தார். புறப்படுகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் நல்லூரில் பிறந்து வளர்ந்தவன்தான். என் அம்மா அப்பாவிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் படிவம் எழுதும்போது நான் யாழ்ப்பாணத்தான் இல்லை, அதிகாரி.

மற்றவர்கள் கோபிக்கவில்லை. “சும்மா உதிலை”, அதாவது இங்கே பக்கத்தில்தான், என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். நடத்துநர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். போகுமிடம் என்ற கட்டத்தில் பட்டணம், பட்டணம் என்று நிரப்பிவிட்டார்கள். அவர் மட்டும் சனம் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். நாற்பது படிவத்திலும் போகுமிடம்: உதிலை. டிப்போ முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. ‘உதிலை’க்கு எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று ஒரு சாரதி என் மேசைக்கே வந்து கேட்டார்.

அடுத்த நாள் அந்தக் குருநகர்க்காரி என்னிடம் கேட்காமலே இடத்தை மாற்றினார். மருதனார்மடத்துக்குப் போகவில்லை. பட்டணத்துப் பஸ் நிலையத்தில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம், “எங்கை ஏறினனீங்கள்? எத்தனை மணிக்கு வந்து நிண்டனீங்கள்?” என்று கேட்டார். வந்து சேர்ந்துவிட்டவர்களுக்குச் சகுனப் பயம் இல்லை. கேட்டதற்கும் மேலாகச் சொன்னார்கள். உரும்பிராய்ப் பக்கமிருந்து மரக்கறிக் கடகத்தோடு வரும் பெண்கள் ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்கள். அவர்களோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து ஏழு மணி பஸ்ஸில் நெரிகிறார்கள். அடுத்த பஸ்ஸை ஆறரைக்கு முன்தள்ளினால் இரண்டு கூட்டமும் பிரிந்துவிடும். இவ்வளவையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி என் மேசையில் வைத்தார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது.

“உங்களை ஆர் மாத்தச் சொன்னது?” எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை, சேர். சனம் பதில் சொல்லேல்லை. அதுதான்.”

அந்தக் கொப்பித் தாளை வைத்து நான் ஒரு நல்ல முன்மொழிவு எழுதினேன். என் பெயரில். பஸ் ஆறரைக்கு ஓடத் தொடங்கியது, நெரிசல் தீர்ந்தது, தலைமையகத்தில் இருந்து எனக்குப் பாராட்டு வந்தது. ஆறாம் மாத முடிவில் அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘அறிவுறுத்தல்களைப் பின்பற்றுபவரா?’ நான் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உண்மையைத்தானே எழுதுகிறேன் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிழமை போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவர் வந்து மேசையருகில் நின்றார். “சேர், நீங்கள் என்னைப்பற்றி நல்லா எழுதியிருப்பியள் எண்டு வீட்டிலை அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் இருக்க முடியவில்லை. படிவத்தில் எழுதியதையும், முன்மொழிவில் அவருடைய பெயரை விட்டதையும் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவருடைய சிரிப்பு நின்றது.

“என்னட்டைச் சொல்லி என்ன, சேர்? அவைக்கு எழுதுங்கோ.”

அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்பதில் நான் ஒன்றையும் இழக்கவில்லை. தலைமையகத்துக்கு எழுதினால், பாராட்டுக் கடிதம் எனக்குரியதல்ல என்று என் கையாலேயே எழுத வேண்டும். நகல் எழுதினேன், கிழித்தேன். ஊரடங்கு, தபால் ஒழுங்காகப் போகாது என்று காரணம் தேடினேன். தபால் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் என்னைப் பார்த்து “வணக்கம், சேர்” என்பார். கேள்வி எதுவும் கேட்கமாட்டார். மூன்று கிழமை கழித்து, ஒன்றையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. பதவிக்கு வெளியூரில் இருந்து ஒருவர் நியமிக்கப்பட்டுவிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு ரிக்கற் பகுதிக்குப் போனேன். வாயில் வந்தது பொய்.

“நீங்கள் சொன்ன அடுத்த நாளே எழுதினனான், அக்கா. எண்டாலும் பிந்திப்போச்சு.”

அவர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தேன். அரச கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். தங்களுடைய இன்ன திகதிக் கடிதம் தொடர்பாக என்று முதல் வரியிலேயே என் தாமதம் தட்டச்சில் இருந்தது. நியமனம் நடந்த திகதி அதற்குக் கீழே இருந்தது; என் கடிதத்துக்குச் சற்று முந்திய திகதி. பதினாறு வருடம் ரிக்கற் இலக்கங்களைச் சரிபார்த்தவருக்கு இரண்டையும் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? முதலாவது திகதியின் கீழே விரலை வைத்தார். பிறகு இரண்டாவதன் கீழே வைத்தார். கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார்.

“நாலு நாள்தானே, சேர்,” என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். அந்த ஆறுதலை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.