தங்கையின் பள்ளியைப் பற்றி நான் எழுதிய மூன்று வரி

என் தங்கையின் மேற்படிப்பைத் தடுத்தவன் நான். முதலாண்டு நினைவு மலரை இப்படித் தொடங்குவது வழக்கமில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உங்களில் சிலருக்கு அவர் அம்மா, சிலருக்கு அத்தை, பலருக்கு டீச்சர். எனக்குப் பத்து வயது இளைய தங்கை. இருந்தவரை 'அவள்' என்றே பேசிய நான் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். காலம் தாழ்ந்த மரியாதைதான்.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தோம். நிலம் கிடையாது. அப்பா கரும்பு வெட்டவும் அம்மா நடவுக்கும் போய் எங்களைப் படிக்க வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த தங்கைக்குக் கல்வராயன் மலையில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் மாறுதல் கேட்டு அலைந்தபோது, தங்கை வெள்ளிமலைக்கு அப்பால் குடியேறி, அஞ்சல் வழியில் பட்டமும் பி.எட்.டும் முடித்தார்.

நாற்பத்தொரு வயதில் எம்.எட். படிக்க விரும்பினார். வாசிப்பும் மொழியும் கற்பிக்கும் முறைதான் சிறப்புப் பாடம்.

"அஞ்சாவது முடிச்ச பிள்ள பஸ் போர்டு படிக்கத் தெரியாம நிக்குதுண்ணா. ஏன்னு எனக்கும் தெரியல. டீச்சருன்னு சொல்லிக்கினு திரியறேன்" என்றார்.

பணியில் இருக்கும் ஆசிரியர் மேற்படிப்புக்கு முன் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. அப்போது அங்கே கல்வி அலுவலர் நான்.

பரிந்துரைக்கும் முன் பள்ளியைப் பார்வையிடப் போனேன். அன்று காலை அடிவாரத்தில் வேறொரு பள்ளியைப் பார்த்திருந்தேன். அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரியின் கீழ் விரலை ஓட்டி, ஒரு பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் படித்தார்கள். 'மிக நன்று' என்று எழுதிவிட்டு மலையேறினேன்.

தங்கை பள்ளியில் என்னை அண்ணா என்று அழைக்கவில்லை. "சார், பாடப்புத்தகம் வேணாங்க. பிள்ளைங்க பாக்காத தாளு ஒண்ணு வச்சிருக்கேன், அதக் குடுங்க" என்றார். ராமாயி என்ற சிறுமி எழுந்தாள்.

"காலையில்... சாமி... சாமி அறுக்கப்..." நின்றாள். திரும்ப வரியின் தொடக்கத்துக்குப் போனாள். "சாமிய யாரு அறுப்பாங்க? சாமை. சாமை அறுக்கப் போனார்கள்."

வகுப்பே சிரித்தது. தங்கையின் முகம் மலர்ந்தது. எனக்கு அது அவமானமாகப் பட்டது. பார்வைக் குறிப்பேட்டில் எழுதினேன்: 'மாணவர்கள் தடுக்கித் தடுக்கிப் படிக்கின்றனர். வாசிப்புத் திறன் மிகக் குறைவு. இந்நிலையில் ஆசிரியைக்கு மேற்படிப்பு அனுமதி பரிந்துரைக்க இயலாது.'

அண்ணன் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்று ஊரில் சொன்னேன். அது பாதி உண்மை. வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து எம்.எட். வாங்கியவன் நான். வீட்டில் எனக்கு நிகராக இன்னொருவர், அதுவும் உண்மையாகவே படித்து வரப் போகிறார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏழு ஆண்டுகள் போயின. தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. பொங்கலுக்கு மலைத்தேன் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த அலுவலர் ஒரே வாரத்தில் அனுமதி பெற்றுத் தந்தார். தங்கை நாற்பத்தெட்டு வயதில், தன் பிள்ளை வயதுப் பெண்களோடு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தார்.

என் குறிப்பைத் திரும்பப் பெற அலுவலகம் போனேன். எழுத்தர் சிரித்தார். "ஆபீசரு எழுதனத ஆபீசருதான் சார் திருத்தணும். நீங்க இப்ப இன்னா, பென்ஷன்தாரு."

தங்கையிடம் சொன்னேன். "குறிப்பு கெடக்குது வுடுண்ணா. எம்.எட்.டுக்கு நான் பண்ற ஆராய்ச்சிக்கு ஆளு வேணும். ஒரு நோட்டு எடுத்துக்கினு மலைக்கு வா. பிள்ளைங்க எங்க நிக்கறாங்க, எங்க திரும்பிப் போறாங்க, அப்படியே எழுது."

திங்கட்கிழமைதோறும் வெள்ளிமலை பஸ் ஏறினேன். முதல் நாளே ஒரு பையன் தடுக்கியதும் பழக்கத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "ண்ணா, வாய மூடு. அவன் யோசிக்கறான்ல?" என்றார் தங்கை. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

பிறகொரு நாள் அடிவாரத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். நான் 'மிக நன்று' எழுதிய அதே பள்ளி. ஒரு பிள்ளை விரல் வைத்துக் கடகடவென்று படித்தது. தங்கை மெல்லப் பக்கத்தைத் திருப்பினார். விரல் புதுப் பாடத்தின் மேல் ஓடியது. வாய் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

தங்கை முதல் வகுப்பில் தேறினார். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பேராசிரியர்கள் தங்கள் எம்.எட். மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைக்கு வந்தார்கள். சமவெளி ஆசிரியர்கள் பட்டம் பெற்ற பின் படிக்கும் பாடத்தை, எங்கள் தங்கை சாமைக்காட்டு ஓரத்துப் பள்ளியில் நடத்தினார். ஓய்வுபெற்ற பிறகும் நடத்தினார். அவரிடம் பயின்ற ராமாயி எம்.எட். முடித்து, இன்று அதே பள்ளியில் ஆசிரியை. அந்தப் பிள்ளைகள் பஸ் போர்டு மட்டுமல்ல, பட்டாவும் படிக்கிறார்கள், மருந்துச் சீட்டும் படிக்கிறார்கள்.

தங்கையின் கடைசி நாட்களில் மருத்துவமனைக்கு, அந்த மூன்று வரிக்குப் பதிலாகப் புதிதாக மூன்று வரி எழுதி எடுத்துப் போனேன். 'இப்பள்ளிப் பிள்ளைகள் புரிந்து படிக்கின்றனர். தவறினால் தாமே திருத்திக்கொள்கின்றனர். பார்வையிட வந்தவருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.' தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

"மனப்பாடமாண்ணா? தாளப் பாத்துப் படி" என்றார். பார்த்துப் படித்தேன். இரண்டாம் வரியில் குரல் நின்றது. தங்கை எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார்.

மழையில் சாலை சரிந்த அன்று தங்கையைக் கட்டிலோடு தோளில் சுமந்து இறக்கிய மலைமக்களுக்கும், இரவு பகல் பாராத செவிலியருக்கும், ஏழாண்டுக் கோபத்தை எனக்காக விழுங்கிய தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளைக்கும், எனக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்த ஓட்டுநர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். இன்று பள்ளி வளாகத்தில் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போவது ராமாயி டீச்சரின் நான்காம் வகுப்புச் சிறுமி. இதை அவள் முன்பு பார்த்ததில்லை, வேண்டுமென்றே காட்டவில்லை. எங்காவது நிற்பாள். உறவினர்களே, தயவுசெய்து யாரும் சொல்லிக் கொடுக்காதீர்கள். திரும்பப் போய், தானே படித்துவிடுவாள்.