சாமி படத்துக்குப் பின்னால் வைத்த தாள்

நாலு வருடத்துக்கு முன்பு, மிளகாய்ப் பழம் பறிக்கிற மாசி மாதத்தில் நடந்தது இது. கமுதிக்குத் தெற்கே எங்கள் ஊர். என் மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்து, பெரிய ஊசியெல்லாம் முடிந்து, மாத்திரையோடு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம்.

கிளம்பும்போதே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். மருந்தாலும் படுத்தே கிடந்ததாலும் பிள்ளைக்கு எலும்பில் பலம் குறைந்துவிட்டது, தினமும் நடக்க வையுங்கள், உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளும் தந்தார்கள். என் காதில் ஏறியது எலும்பில் பலமில்லை என்பது மட்டும்தான். தாளை நாலாக மடித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கும்பிட்டால் எலும்பு தானாக வளர்ந்துவிடும் பாருங்கள்!

அதற்கப்புறம் அவளைத் தரையில் கால் வைக்க விட்டேனா? சோறு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே போகும். குளிக்கப் போனாலும் கைத்தாங்கல்தான். காலெல்லாம் மரத்துப் போகுதும்மா என்பாள். மரத்தா மரக்கட்டும், ஒடியாம இருந்தாச் சரி என்பேன். வாய்க்கு எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

காலையில் நானும் வீட்டுக்காரரும் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவோம். எதிர்வீட்டு மதினிதான் வந்து துணைக்கு இருப்பார். ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத மனுஷி.

ஒரு நாள் சாக்கை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். தெருவில் பார்த்தேன். மதினி வீட்டுத் தண்ணி வண்டி, குடம் வைத்துத் தள்ளிப்போகும் அந்த வண்டியில் ரெண்டு குடம் ததும்பத் ததும்ப வருகிறது. அதன் கைப்பிடியில் என் மகளின் கை! பக்கத்தில் மதினி.

"உங்க வீட்டுக் குடத்துக்கு என் பிள்ளைதான் கெடச்சுச்சா? சீக்குப் பிள்ளைய வேலை வாங்கிக் குடிக்கிற தண்ணி தொண்டையில எறங்குமா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. மதினி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மகள் என்னமோ சொல்ல வந்தாள். வாயை மூடுடி என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் எங்கள் வீட்டு டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ரெண்டு மாதமாக ரொப்பினவருக்கு இன்றைக்கு என்ன கேடு என்று வீட்டுக்காரரிடம் எகிறினேன். "நானா? நீயில்ல ரொப்புறேன்னு நெனச்சேன்" என்று முழித்தார். அப்போதும் எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அடுத்த வாரம் மதுரையில் பரிசோதனை. போன தடவை ரெண்டு பேர் பிடித்து எழுப்பின பிள்ளை, இந்தத் தடவை கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். படியும் ஏறிக் காட்டினாள். எலும்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை, ஆனால் மேற்கொண்டு குறையவும் இல்லை என்றார்கள் டாக்டரம்மா. நல்லா நடக்க வச்சிருக்கீங்க என்று என்னைப் பாராட்ட வேறு செய்தார்கள். வெட்கமில்லாமல் நானும் தலையை ஆட்டினேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸில்தான் மகள் வாயைத் திறந்தாள்.

"அது நம்ம குடந்தாம்மா."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து மதினிக்கு வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். சும்மா நடக்கக் கூச்சமாக இருக்கிறது, முடியில்லாத தலையை எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாளாம். அதற்குத்தான் தண்ணி வண்டி. தண்ணிக்குப் போகிறவளை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? போகும்போது வெறும் வண்டியை இவள் தள்ளுவாள். வரும்போது மதினி தள்ள, இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். தாளில் கூடாது என்று போட்டிருந்ததால் குடத்தைத் தூக்க மட்டும் மதினி விட்டதே இல்லையாம். பார்த்திபனூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் ரெண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு, மகளோடு மதினி வாசலில் போய் நின்றேன். மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி என்னைத் தாண்டி மகளைப் பார்த்தார்.

"ஏத்தா, வெயிலு ஏறுது. வாரியா, இல்லையா?"

நான் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தேன்.

"நீ கைய எடு. அவ தள்ளுவா."

அதற்கப்புறம் என்னோடு சகஜமாகப் பேச மதினிக்குப் பத்து நாளாச்சு.

மகள் இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள், பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமாக ஓடுகிறாள். தாள் டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. தொண்டையில் இறங்குமா என்று நடுத்தெருவில் கேட்டேனே, அந்தத் தண்ணீரை ரெண்டு மாதமாகக் குடித்தவள் நான்தான். மதினி ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை, அதனாலேயே செம்பைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது.