ஓடுவதற்கு அரைப் பக்கம்

இருபது வருடங்களுக்கு மேலாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

ஜெகன் இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது. ரொறன்ரோவிலிருந்து அவன் மனைவி அனுப்பியிருந்தார். மாரடைப்பு. கண்டியில் பழகியவர்கள் அஞ்சலிப் பக்கத்தில் நாலு வரி எழுதினால் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டிருந்தார். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவனோடு கனடாவில் விளையாடிய இளைஞர்களே அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் ஒன்றையே சொல்கிறீர்கள்: எங்கள் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு கண்டிக்கு வருவதற்கு முன்பே அதன் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்ன தீர்க்கதரிசி அவன். இப்போது வரவிருக்கும் பதிப்பைப் பற்றிய ஊகங்களைத் திரட்டி அவன் பெயரில் ஒரு போட்டியும் வைக்கப் போகிறீர்களாம். அதற்கு முன் இதை வாசியுங்கள்.

விளையாட்டை அறியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் வீரனாகவோ திருடனாகவோ ஆகி, இன்னது செய்கிறேன் என்பார்கள். பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அதற்கெல்லாம் தடித்த விதிப்புத்தகம் ஒன்று உண்டு. ஜெகனுடைய தமையன் லண்டனிலிருந்து அதன் முதல் பதிப்பைக் கொண்டுவந்திருந்தார். ஜெகனும் நானும் கண்டியில் ஒரே அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்தோம். குண்டசாலையில் அவன் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவோம். மூன்றாவது ஆள் முத்தையா. தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், நகரத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன். எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் எங்களை ‘சார்’ என்பான். நாங்கள் ஒருநாளும் தடுக்கவில்லை.

ஜெகனுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். எண்பத்து மூன்றுக் கலவரம் அடங்கியும் அடங்காத ஒரு மாலை, குண்டசாலை பஸ்ஸில் தமிழரைத் தேடித் தடிகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். நான் இறங்கும் வழியைத் தேடினேன். ஜெகன் என் பக்கம் திரும்பி, அலுவலகக் கடிதம் வாசிப்பவனைப் போல ஆங்கிலத்தில் சொன்னான்: “பாலத்துக்கு வந்துவிட்டாய். காவலாளி தூங்குகிறான். என்ன செய்யப் போகிறாய்?” நான் பதில் சொன்னேன். அவன் அடுத்ததைக் கேட்டான். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், இறங்கிப் போனார்கள். பயத்தைத் தன் கதையால் மூடத் தெரிந்தவன் அவன்.

அந்தக் கலவரத்தில் முத்தையாவின் குடும்பம் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டோடித் தேயிலைச் செடிகளுக்கிடையே மூன்று நாள் கிடந்தது. அதை அவன் எங்களுக்கு விவரித்ததில்லை. ஒரு ஞாயிறு, விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இதை மட்டும் சொன்னான்:

“சண்ட போட தொண்ணூறு பக்கம் இருக்கு சார். ஓடுறதுக்கு அரைப் பக்கந்தான். எழுதுன ஆளு ஓடிப் பாத்ததில்ல போல. அடுத்த பதிப்புல பாருங்க, இதுக்குன்னு தனி அத்தியாயமே வரும்.”

அடுத்த பதிப்பு எப்படி இருக்கும் என்பதுதான் அந்த நாட்களில் எங்கள் ஓயாத பேச்சு. அடுத்த வருடத்தைப் பற்றி வேறு எதையும் நம்பிப் பேச முடியாத காலம் அது. ஊகங்களை ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுவோம். புத்தகம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. “தாயம் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான். ஆனபடியால் ஒப்பம் வை” என்பான் ஜெகன்.

முத்தையா வெறும் ஊகத்தோடு நிற்கவில்லை. நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் ஓடலாம், எதைக் கைவிட்டால் வேகம் கூடும், கதவைத் தட்டினால் திறப்பவன் யார் என்பதற்கெல்லாம் தாயக் கணக்கு. நாங்கள் அதை ஒருமுறை ஆடிப் பார்த்தோம். என் வீரன் வாளை எறிந்துவிட்டு ஒரு கிழவியைச் சுமந்தான். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பிறகு ஆடியதில்லை. அச்சக முதலாளி மிச்சத் தாளில் அதை அச்சடித்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். புதுப் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அச்சடிக்கலாம் என்று முத்தையா காத்திருந்தான்.

ஜெகன் சிரித்தான். “ஓடுறதுக்கும் ஒரு புத்தகமோ? மச்சான், உவர் காலுக்குப் பாடம் எழுதுறார். உது வராது, எழுதி வை.”

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. மழையில் நனைந்து போன ஒருநாள், மாற்றிக்கொள்ள சாரம் ஒன்று தேடி அவன் அலுமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் இரண்டாம் பதிப்பு இருந்தது. உள்ளே செருகியிருந்த தமையனின் கடிதத்துத் திகதி எங்கள் ஊகக் கொப்பியைவிட ஒரு வருடம் பழையது.

“கண்டிட்டியே? ஒருத்தருக்கும் சொல்லாதை,” என்றான் ஜெகன். “எல்லாம் தெரிஞ்சிட்டால் ஞாயிற்றுக்கிழமையிலை என்னத்தைக் கதைக்கிறது? நீயும் எடுத்து வாசி.”

வாசித்தேன். அடுத்த ஞாயிறு கொப்பியில் மூன்று ஊகங்கள் எழுதினேன். மூன்றும் சரி.

சில மாதங்கள் கழித்து, லண்டனிலிருந்து பார்சல் வந்திருப்பதாக ஜெகன் அறிவித்தான். பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டிய பார்சல். அதற்கு முந்திய நாள் அலுமாரியிலிருந்த புத்தகத்தைச் சுற்றி அவன் முடிச்சுப் போட்டபோது விரலை வைத்து அழுத்திக் கொடுத்தவன் நான். முத்தையா புத்தகத்தை வாங்கிப் பிழை திருத்துபவனின் பொறுமையோடு பக்கம் பக்கமாகப் பார்த்தான். ஜெகன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஓட்டத்துக்கு அத்தியாயம் இல்லை. பழைய அரைப் பக்கமும் கால் பக்கமாகியிருந்தது.

“நாந்தான் சார் தப்பா நெனச்சிட்டேன்,” என்றான். “எனக்கு இந்த வெளாட்டே புரியல போல.”

“பரவாயில்லை, நல்லா ஓடினனீர்,” என்றான் ஜெகன்.

நான் சிரித்தேன். முத்தையா நாற்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அதன்பின் வரவில்லை. அச்சகத்தில் விசாரித்தபோது, அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டான் என்றார் முதலாளி. அடுத்த வருடம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். நீலகிரிப் பக்கம் என்று கேள்வி. தன் எண்ணம் பிழை என்று நம்பியபடியே போனான். அது பிழையல்ல. நாங்கள் விடைத்தாளை வைத்துக்கொண்டு தேர்வு எழுதினோம், அவன் ஒருவன்தான் யோசித்து எழுதினான்.

ஜெகனை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, பஸ்ஸில் கேட்ட அந்தக் குரல். இன்றும் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது அது எனக்குள் பேசுகிறது. மற்றது, “ஒருத்தருக்கும் சொல்லாதை” என்ற சொல். அதை அவன் கேட்டதைவிட நன்றாகவே காப்பாற்றினேன்.

கீழே பெயரைத் தட்டினேன், பிறகு அழித்துவிட்டேன். ஜெகனின் மனைவிக்கு முகம் கொடுக்கப் பயந்துதான் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் பெயரைப் பார்த்தால் உங்களில் யாராவது என்னை நேர்மையானவன் என்று எழுதக்கூடும். அதைத் தாங்கமாட்டேன். முத்தையா எங்காவது இருந்து இதை வாசித்தால், அன்று சிரித்தவன் யார் என்று அவனுக்குத் தெரியும். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.