பிளக்கை விடாத கை

எண்பதுகளின் கடைசியில், திருநகர் தாண்டியிருந்த எங்கள் மில்லுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதன் பெரிய பிளாப்பி புதியதில் நுழையாது. அதனால் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து ஃபைல்களை மாற்ற ஓர் ஆள் வந்திருந்தார். ஒல்லி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி. திரையில் ஓடும் எண்களை உதடு அசைய எண்ணிக்கொண்டே இருப்பார்.

புது மெஷின் ஓடத் தொடங்கினால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று மில் முழுக்கப் பேச்சு. ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு போய், கம்ப்யூட்டர் அறைக் கதவை நொறுக்கி உள்ளே புகுந்தோம். அவர் அந்த இணைப்பு வயரின் லூசாக ஆடிய பிளக்கை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

“கைய எடுடா!” என்று கத்தினேன்.

“அண்ணே, அடிக்கிறதுன்னா இடது பக்கம் அடிங்க. இந்தக் கைய எடுத்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

வெறி தலைக்கேற, ஓங்கி அடித்தேன். தோள் எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்து எண்ணினார். எங்களில் யாரும் அசையவில்லை.

கடைசியில் பிளக்கை உருவிவிட்டு, “முடிஞ்சிருச்சுண்ணே. இனி உடைங்க” என்றார்.

கம்பியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அவர் சொன்னபடி இடது பக்கம்தான் அடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.