பார்க் பெஞ்சில் நடந்த வகுப்பு

சில வருடங்களுக்கு முன்பு டெல்லியில் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். எம்.எஸ்சி.க்கு அங்கேயே இடம் கிடைத்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கியிருந்தது. அதனால் நுழைவுத் தேர்வு எனக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது.

கோச்சிங்கும் கல்லூரியும் ஒரே நேரத்தில் இருந்தன. அட்டெண்டன்ஸுக்குத் தேவையான அளவு மட்டும் கல்லூரியில் தலைகாட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் கோச்சிங்குக்கு ஓடினேன். கேள்வியைப் பார்த்தவுடன் எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும் என்று அங்கே சொல்லித்தந்தார்கள். கல்லூரியிலோ ஒரு சூத்திரம் எப்படி வந்தது என்றே ஒரு வாரம் ஓட்டுவார்கள். அதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம்?

ஆனாலும் செமஸ்டரில் தேறியாக வேண்டுமே. அதே குடியிருப்பில் இருந்த வகுப்புத் தோழியைப் பிடித்துக்கொண்டேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், பேச்சில் பாதி இந்தி. டிகிரி முடித்ததும் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குளிர்கால மதியங்களில் வெயில் காயக் குடியிருப்பே பார்க்குக்கு வந்துவிடும். பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் தவறவிட்ட பாடத்தை அவள் சொல்லித்தருவாள். காத்திருக்கும் நேரத்தைப் பற்றிய ஒரு பாடத்தை அவள் விளக்கியது நினைவிருக்கிறது. "இவ்ளோ நேரம் நின்னாச்சு, இனிமே பஸ் ஜல்தி வந்துடும்னு நினைக்கிறோம் இல்ல? நாம எவ்ளோ நேரம் நின்னோம்னு பஸ்ஸுக்குத் தெரியாதே." நான் சிரித்துவிட்டு, சூத்திரத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்.

தேர்வு மையம் நொய்டாவில். பனிமூட்டத்தில் தனியாகப் போகப் பயமாக இருந்ததால், துணைக்கு நீயும் எழுதேன் என்று அவளை நச்சரித்து விண்ணப்பம் போட வைத்தேன்.

முடிவு வந்தது. அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்குக் கௌரவமான வார்த்தை ஏதாவது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வாழ்த்துச் சொன்னேன். அதன்பின் அவள் வரும் வழியைத் தவிர்த்தேன், பார்க் பக்கமே போகவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தின் தேர்வு பாக்கியிருந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் படிப்பு ஓடவில்லை. பெரியம்மா என் காதில் விழாதபடி அப்பாவோடு போனில் பேசத் தொடங்கினார்.

ஒருநாள் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். "க்ளாஸ்ல கேக்கறது எதுவும் தலையில நிக்க மாட்டேங்குது. எம்.எஸ்சி. போய் என்ன பண்ணப்போறேன்னு பயமா இருக்கு. நீ டெய்லி காலேஜ் வா. சாயங்காலம் எனக்கு ஒரு வாட்டி சொல்லு, ப்ளீஸ்" என்றாள்.

அவளுக்கே நான் தேவைப்படுகிறேன் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். சரி என்றேன்.

வெயில் அதற்குள் சுடத் தொடங்கியிருந்ததால், வேப்பமரத்தடி பெஞ்சுக்கு மாறினோம். நான் சொல்ல, அவள் கேட்பாள். கேட்பது என்றால் சும்மா இல்லை, "ஏன்? அதெப்படி?" என்று குடைந்தெடுப்பாள். பதில் தெரியாமல் முழிப்பேன். மறுநாள் அதற்காகவே வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவேன். சூத்திரங்களுக்குப் பின்னால் காரணம் என்று ஒன்று இருப்பது எனக்கு அந்த நாட்களில்தான் உறைத்தது.

தேர்வு நெருங்கிய ஒரு சாயங்காலம், அந்தக் காத்திருக்கும் நேரப் பாடத்துக்கு வந்தேன். ஓர் இடத்தில் வார்த்தை வராமல் தடுமாறினேன். அவள் தன்னை மறந்து அடுத்த வரியைச் சொல்லி, அதற்கடுத்த வரியையும் சொல்லி, கணக்கையே முடித்துவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏட்டீ, உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றேன்.

"அச்சா, மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தாள்.

"பின்ன எதுக்கு இத்தன நாளு தெரியாத மாதிரி கேட்டுட்டு இருந்த?"

அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் சொல்லித்தரேன்னு வந்திருந்தா நீ கதவைத் திறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்குமே தெரியும். எனக்குக் கண் கலங்கியது. அவள் அதைக் கவனிக்காதவள்போல, "மேலே சொல்லு, ரெண்டாவது பார்ட் எனக்கு நிஜமாவே டவுட்" என்றாள். அதுவும் பொய்தான்.

அந்தத் தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது. ஊருக்குப் போகவில்லை, டெல்லியிலேயே எம்.எஸ்சி. முடித்து இப்போது அங்கேயே வேலையும் பார்க்கிறேன். அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை என்னிடமே திக்கித் திணறி விளக்கும்போது, குறுக்கே பாய்ந்து திருத்த வாய் துடிக்கும். அப்போதெல்லாம் அந்த வேப்பமரத்தடி பெஞ்சு நினைவுக்கு வரும், "ஏன்? அதெப்படி?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.