காற்று வரும்படி பின்னிய ஸ்வெட்டர்

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டின்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவு முடிந்து திரும்ப வேண்டியவர், அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி சன்னலுக்கு வெளியே வைத்த பால் காலையில் கல்லாகிவிடுமாம்.

அரியாங்குப்பத்தைத் தாண்டி எங்கேயும் போயிராத அக்கா, குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப தோச்ச துணி எப்படிக் காயும்?"

"காயாது. வெறச்சு நிக்கும். சட்டையத் தூக்கினா பலகை மாதிரி வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. காகிதங்கள் சரியானதும் அவளும் அங்கே போக வேண்டியவள். நான் உடனே, உனக்கு நான் ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்றேன். முன்பக்கம் திறந்து, பொத்தான் வைத்தது. அம்மாவுக்கு என்னைத் தெரியும். "இவ ஆரம்பிச்சதுல எது முடிஞ்சிருக்கு? ஆர்மோனியம் பாதி, டைப்பு கால்வாசி" என்றாள். இதை முடித்துக் காட்டுகிறேன் என்று எச்சில் கையோடு சபதம் செய்தேன்.

பின்னுவது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி, மசேர் ஒருவர் பரீட்சைக்குக் காவல் இருக்கும்போது பின்னுவார். அதைப் பார்த்ததோடு சரி. பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு ஊரைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்கள் அப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவிந்து கிடக்கும். அங்கேதான் ஒரு பை நிறைய சாம்பல் நீலக் கம்பளி நூல் கிடைத்தது. கூடவே, படம் போட்டுப் பின்னல் சொல்லித் தரும் பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று. ஊசிதான் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் சக்கரத்துப் போக்ஸ் கம்பி வாங்கி, முனையை அம்மிக்கல்லில் தேய்த்துக்கொண்டேன்.

ஒரு கையில் பத்திரிகை, மடியில் நூல். நேர்க்கண்ணி, மறுகண்ணி. வியர்த்த விரலில் கம்பளி ஒட்டிக்கொள்ளும். பவுடரைத் தடவிக்கொண்டு பின்னுவேன். பத்து வரிசை முடிப்பதற்குள் இரண்டு கண்ணி காணாமல் போயிருக்கும். அவிழ்ப்பேன், மறுபடி பின்னுவேன். மாமா பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். அக்கா காகிதத்துக்காகக் காத்திருந்தாள்.

முதுகும் முன்பக்கமும் முடிந்த அன்று சரியான வைகாசி வெயில். மத்தியானம் அக்காவை நிற்க வைத்து, ரவிக்கையின் மேலேயே போட்டுவிட்டு ஊக்கு குத்தினேன். மெல்லிய கம்பி என்பதால் பின்னல் நெருக்கமாக, கெட்டியாக இருந்தது. எனக்குப் பெருமை. அக்காவுக்குக் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"ஏண்டி, என்னை அவிச்சு அனுப்பப் போறியா? கொஞ்சம் காத்து வர மாதிரி பின்னுடி."

அம்மாவும் வந்து தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே அவளுக்கு வேர்க்குரு, உடம்பு மூச்சுவிட வேண்டாமா என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் துணி எடுக்கப் போனால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கித்தான் பார்ப்போம். காற்றோட்டமான துணிதான் நல்ல துணி. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் வேறு கணக்கு தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அவிழ்த்தேன். மூங்கிலைச் சீவி, சுண்டுவிரல் கனத்துக்குக் குச்சிகள் செய்தேன். இந்த முறை வேலை வேகமாக ஓடியது. பின்னல் சல்லாவாக, பூப்பூவாகத் துளை விழுந்து, பத்திரிகைப் படத்தைவிட அழகாக வந்தது. கைகளைக் கடைசியில் அவசரமாகப் பின்னியதால் இடது கை நீண்டுவிட்டது. அக்கா அதை மடித்துவிட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் ஒரு விடிகாலை, ஸ்வெட்டர் குளிர் தாங்குமா என்று பரீட்சை பார்ப்பதற்காகக் கடற்கரைக்குப் போனோம். ஈரக்காற்று என் பாவாடையை இழுத்தது. "குளுரவே இல்லடி" என்றாள் அக்கா. நாங்கள் நம்பிவிட்டோம்.

ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் தாண்டுவதற்குள் கழற்றியிருப்பாள். அந்த நீண்ட கை சன்னலுக்கு வெளியே ஆடியதைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

அப்புறம் கடிதங்கள் வந்தன. பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் யார் பின்னியது என்று கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுதுவாள். நான் காலேஜில் சேர்ந்தேன்; தையல், பின்னல் எல்லாவற்றையும் மறந்து நாடகம், போட்டோ என்று அலைந்தேன். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு தந்தி வந்தது. இரண்டாவது தந்தி வந்தபோது அம்மா அதை வாசிக்க விடவில்லை.

இந்தச் சித்திரையில் மாமா குழந்தையோடு வந்தார். அக்காவின் பெட்டியை அம்மா திறக்க மாட்டேன் என்றதால் நான்தான் திறந்தேன். மேலேயே ஸ்வெட்டர் இருந்தது. தூக்கினால் கனமாக இருந்தது. நான் பின்னியது இவ்வளவு கனம் இல்லையே என்று உள்பக்கம் திருப்பினேன்.

உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தது. மஞ்சள் பூப்போட்ட வாயில் புடவை. ஊருக்குப் போகும்போது அம்மா எடுத்துக் கொடுத்தது. அதை வெட்டி, இரண்டாக மடித்து, கையின் முனைவரைக்கும் சின்னச் சின்னத் தையல். ஊசியைக் கண்டாலே ஓடுகிற அக்கா போட்ட தையல்.

மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "மொத வருஷம் உள்ள பேப்பர் வச்சுக்கிட்டா. கோட்டு வாங்கிக் குடுத்தேன். கோட்டுக்குள்ளயும் இதத்தான் போடுவா" என்றார். பிறகு, "காத்து பூருதுன்னு தங்கச்சிக்கு மட்டும் எழுதிடாதீங்கன்னா" என்றார்.

குழந்தை ஓடிவந்து, துணி விட்டுப்போன ஒரு துளையில் விரலை நுழைத்து, மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

குழந்தையை எங்களிடமே விட்டுவிடும்படி அம்மா கேட்டுப் பார்த்தாள். மாமாவால் முடியவில்லை. ஐப்பசியில் திரும்புகிறார்கள்; போய் இறங்கும்போது அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

நேற்று அந்த வாயில் துணியின் தையலைப் பிரித்தேன். ஒவ்வொரு தையலாக, பிளேடு வைக்காமல், ஊசி முனையால். துணியைத் துவைத்து நிழலில் போட்டிருக்கிறேன். ஸ்வெட்டரை அவிழ்த்து நூலைச் சுற்றிவிட்டேன். நெளிநெளியாக இருக்கிறது, நனைத்துக் காயவைத்தால் நீண்டுவிடும். குழந்தைக்குப் போக மிச்சமே இருக்கும்.

போக்ஸ் கம்பிகள் பரண் மேல் கிடந்தன. துரு ஏறியிருந்தது, சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று. நாளை காலை குழந்தையைக் கூடத்தில் நிற்க வைத்து அளவெடுக்கப் போகிறேன். அடுத்த குளிருக்கும் ஆகிற மாதிரி தாராளமாக, ஆனால் பின்னல் நெருக்கமாக. போட்டுப் பார்க்கும்போது வியர்க்குது என்று அழும். அழட்டும். அம்மா சிபாரிசுக்கு வந்தாலும் ஒரு கண்ணிகூடத் தளர்த்த மாட்டேன். இந்தத் தடவை முதலில் கைகளைப் பின்ன வேண்டும். இரண்டும் ஒரே நீளம்.