பூப்படம் போட்டவர்

பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வாசகர்கள் போடும் கருத்துகளைப் படித்து, அசிங்கமானவற்றை நீக்குவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திட்டுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. முகத்துக்குப் பதில் ஒரு பூப்படத்தைப் போட்டு, 'வாசகன்' என்று பெயரை மறைத்துக்கொண்டு திட்டுவார்கள். இப்போது சொந்தப் பெயர், சொந்த முகம், மடியில் குழந்தை வேறு. அதற்குப் பக்கத்திலேயே வாயால் சொல்ல முடியாத வார்த்தை. "மனுஷங்க எப்பவுமே இப்படித்தாம்மா" என்பார் ஆசிரியர். அவர் ஒருநாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனைப் பார்த்துச் சிரித்தால்கூட, யார் மானத்தை வாங்குகிறாரோ என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

நேற்று, நூலகம் திறந்த செய்திக்குக் கீழே ஒரு கருத்து வந்தது. 'நல்ல செய்தி. எழுதியவருக்கு நன்றி.' பூப்படம். பெயர் 'வாசகன்'. வசவு இல்லை, கிண்டல் இல்லை.  திரும்பத் திரும்பப் படித்தும் உள்குத்து எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று நீக்கிவிட்டாள்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது கணவர் கேட்டார். "உங்க பேப்பருக்கு இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதினேன். அந்த லைப்ரரி செய்திக்கு, நன்றின்னு. என் மூஞ்சி எதுக்குன்னு பூப்படம்கூட போட்டேன். வரவே இல்லையே?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள். "யாரைக் குத்திக்காட்ட அப்படி எழுதினீங்க?"